ஆரஞ்சு இருந்த இடம்

ஜனவரி 15, புதன்

நாளைக்குக் காணும் பொங்கல். கூட்டத்தில் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம், வேறொரு நாள் போகலாம் என்றால் இவர் காதில் ஏறவில்லை. படகுகள் நிறையப் போகிற நாள் அதுதானாம். பிப்ரவரி கண்காட்சிக்கு ஆற்றில் படகு போகிற மாதிரி ஒரு பெரிய படம் வேண்டும் என்று கேலரி நடத்துகிற நித்திலா கேட்டாலும் கேட்டாள், மனுஷன் சோறுகூடச் சரியாகச் சாப்பிடவில்லை.

வண்ணப் பெட்டியைத் துடைத்து வைத்தேன். ஆரஞ்சு ட்யூப் காய்ந்து கல்லாகிக் கிடக்கிறது. கடையெல்லாம் பூட்டு. சொன்னால் குதிப்பார். ஆற்றில் ஆரஞ்சுக்கு என்ன வேலை? பார்த்துக்கொள்ளலாம்.

நாளைக்குப் போட்டுக்கொள்ள வெள்ளைச் சட்டை எடுத்து மடித்து வைத்தேன். இப்போதெல்லாம் நான் எடுத்துக் கொடுப்பதைத்தான் போட்டுக்கொள்கிறார். போன மாதம் பச்சைச் சட்டையைப் பழுப்பு என்று சொன்னது அறையில் வெளிச்சம் போதாததால்தான். கண்ணெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 16, வியாழன்

வெள்ளாங்குப்பம் படகுத்துறைக்குப் போய்வந்தோம். திருவிழாக் கூட்டம். குழந்தை குட்டியோடு கரை முழுக்கப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் எப்போதும் உட்காருகிற புன்னை மரத்தடி நல்லவேளை காலியாக இருந்தது.

ஸ்டாண்டை நிறுத்தி, தட்டில் வண்ணங்களைப் பிதுக்கி வைத்தேன். அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. கட்டைவிரல் நுழைக்கிற ஓட்டைக்குப் பக்கத்தில் வெள்ளை, அடுத்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பழுப்பு, பச்சை, கடைசியில் நீலம். கல்யாணமான வருடத்திலிருந்து நான்தான் வைக்கிறேன். இவர் தட்டைப் பார்ப்பதே இல்லை, கை தானாகப் போய்த் தொட்டுக்கொண்டு வரும்.

வெயில் சாய்ந்த நேரத்தில் படகுக்காரன் கலிவரதன் தன் படகை இறக்கினான். ஐந்து கல்லூரிப் பையன்கள், ஒரே சிரிப்பும் கும்மாளமும். படகில் கால் வைப்பதற்குமுன் கலிவரதன் ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, வாரை இழுத்துக் கட்டிவிட்டான். ஒரு பையன் கூச்சத்தில் நெளிந்தான். பளிச்சென்ற ஆரஞ்சு ஜாக்கெட். காய்ந்துபோன ட்யூப் நினைவுக்கு வந்தது. நான் கேரியரைத் திறந்து சோற்றை எடுத்து வைத்தேன்.

இவர் விறுவிறுவென்று போட்டார். கிட்டே போனால் வெறும் திட்டுத் திட்டாக இருக்கிறது. பத்தடி தள்ளி நின்றால் ஆறு நகர்கிறது, படகு போகிறது, பையன்கள் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீரைக் கையால் அளைகிறார்கள். எத்தனையோ வருடத்துக்கு அப்புறம் இப்படி ஒரு படம். ரொம்ப அழகு என்று மட்டும் சொன்னேன்.

ஜனவரி 17, வெள்ளி

அந்தப் படகு கவிழ்ந்துவிட்டது. நாங்கள் கிளம்பிவந்த கொஞ்ச நேரத்திலேயே, முகத்துவாரத்துப் பக்கம். ஹரிப்ரசாத் என்ற பையன் போய்விட்டான். திண்டிவனத்துப் பிள்ளை. மற்ற நாலு பேரையும் கலிவரதன்தான் இழுத்துக் கரை சேர்த்திருக்கிறான். ஆனால் அந்த நாலு பேரும், படகுக்காரன் லைஃப் ஜாக்கெட்டே கொடுக்கவில்லை என்று சொல்கிறார்களாம். கலிவரதனைக் கைது செய்துவிட்டார்கள்.

பேப்பரை இவருக்குப் படித்துக் காட்டினேன். காபியை வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். “நான் பாத்தனே அமலா. அவன்தானே கட்டிவிட்டான், ஒவ்வொருத்தனுக்கா. போய்ச் சொல்லணும்” என்றார். யாராவது கேட்டால் சொல்லலாம், நாமாகப் போய் வம்பை விலைக்கு வாங்கவேண்டாம் என்று உட்காரவைத்தேன்.

மத்தியானம் தூரிகைகளை டர்பன்டைனில் அலசினேன். அலசியதையே திரும்ப அலசிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

சர்ச்சில் பூசைக்குப் போனேன். மனம் ஒட்டவில்லை.

எங்காவது எழுதித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். இவருக்கு நிறம் தெரியவில்லை. விழித்திரை தேய்கிறது, நிறம்தான் முதலில் போகும், உருவம் இன்னும் சில வருடம் நிற்கும் என்று சென்னை டாக்டர் சொல்லி இரண்டு வருடமாகிறது. இவருக்கு வெளிச்சமும் நிழலும் தெரியும். ஆள் அசைவது தெரியும். சிவப்பா பச்சையா என்றால் தெரியாது. ஆரஞ்சு ஜாக்கெட் என்றால் கலிவரதன் ஜாக்கெட் எப்போதும் ஆரஞ்சு என்று இவருக்குத் தெரியும், அதனால் ஆரஞ்சு இருக்கிற இடத்தில் தொட்டு வைப்பார். தட்டில் இடம் மாறாத வரைக்கும் படம் தப்பாது. இதை எங்களைத் தவிர ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. நாங்கள் இரண்டு பேருமே இதைப் பற்றிப் பேசிக்கொள்வதுமில்லை.

‘கண் பார்த்ததை மட்டுமே வரைகிற சவரிநாதன்’ என்று பத்திரிகையில் எழுதியதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். அந்தப் பெருமையில்தான் மனுஷன் உயிரோடு நடமாடுகிறார்.

காணும் பொங்கலன்று ஆரஞ்சு இடம் காலியாக இருந்தால் தூரிகை தட்டிக் கண்டுபிடித்துவிடுவார் என்று அங்கே கொஞ்சம் வெளிர்நீலத்தைப் பிதுக்கிவைத்தேன். ஐந்து ஜாக்கெட்டும் நீலமாகிவிட்டது. படகுத்துறை மிதவையும் நீலம். பார்க்கிறவர்களுக்கு ஐந்து பையன்கள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு உல்லாசமாகப் போகிறார்கள். படத்தில் ஒருத்தன் மேலும் ஜாக்கெட் கிடையாது.

ஜனவரி 23, வியாழன்

கலிவரதன் பெண்சாதி வந்திருந்தாள். பெயர் அஞ்சலாட்சி. கதவைப் பாதி திறந்தபடியே பேசினேன், உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. அன்றைக்கு மரத்தடியில் ஐயா உட்கார்ந்து படம் போட்டுக்கொண்டிருந்ததை அவள் புருஷன் சொல்லி அனுப்பியிருக்கிறான். ஐயா ஒரு வார்த்தை சொன்னால் ஜாமீன் கிடைக்கும் என்று வக்கீல் சொன்னாராம்.

ஐயா ஊரில் இல்லை என்றேன். உள்ளே இவர் இருமினார். அவள் என் முகத்தையே பார்த்தாள். “நீங்களும் கூட இருந்தீங்களாமே அம்மா” என்றாள்.

நான் சமையல் பாத்திரத்தோடு இருந்தேன், படகுப் பக்கம் சரியாகக் கவனிக்கவில்லை என்று சொன்னேன். உண்மைதானே. அத்தனை கூட்டத்தில் யார் எதைக் கவனித்தார்கள்?

யார் வந்தது என்று இவர் கேட்டார். கேபிள் டிவிக்காரன் என்றேன்.

ஜனவரி 27, திங்கள்

ஆரஞ்சு ட்யூப் வாங்கிவந்தேன்.

ஜனவரி 28, செவ்வாய்

சாப்பிட்டுவிட்டு இவர் கண்ணயர்ந்த நேரம் படம் போடும் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சின்னத் தூரிகையில் ஆரஞ்சை எடுத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் நின்றேன். ஐந்து தீற்றல் போதும். இவருக்கும் தெரியப்போவதில்லை, ஊருக்கும் தெரியப்போவதில்லை, கலிவரதனும் வெளியே வந்துவிடுவான்.

இத்தனை வருடத்தில் இவர் படத்தில் நான் ஒரு புள்ளி வைத்ததில்லை. வைத்துவிட்டிருப்பேன். அந்த நேரம் பார்த்து வாசலில் மணி அடித்தது. கூரியர். நித்திலா கண்காட்சி அழைப்பிதழ்க் கட்டை அனுப்பியிருக்கிறாள். அட்டையில் இந்தப் படம்தான், அவள் போன வாரம் வந்து எடுத்துக்கொண்டு போன போட்டோ. ஐந்து நீலமும் பளபளவென்று அச்சாகியிருக்கிறது. ஊர் முழுக்க அனுப்பியாகிவிட்டதாம்.

தூரிகையைக் கழுவிவைத்தேன். சாயங்காலம் வண்டி வந்து படத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

பிப்ரவரி 8, சனி

கண்காட்சி ஆரம்பம். இவருக்குக் கதர் ஜிப்பா, எனக்குப் பழைய பட்டு. படத்துக்கு இவர் வைத்த பெயர் ‘காணும் பொங்கல்’. நித்திலா அதை மாற்றி ‘நீலப் பயணம்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். வருகிறவர்களெல்லாம் அந்த நீலம், அந்த நீலம் என்று அதையே சொல்கிறார்கள். இவர் என் பக்கம் திரும்பி, என்ன நீலம் என்று மெதுவாகக் கேட்டார். தண்ணீரைச் சொல்கிறார்கள் என்றேன். தண்ணீரை நான் பச்சையாகத்தானே வைத்தேன் என்றார். வானம் படிந்த தண்ணீர் என்று ஏதோ உளறினேன். தலையை ஆட்டிக்கொண்டார், ஆனால் முகம் தெளியவில்லை.

நிருபர் ஒருத்தர் வந்தார். நான் ஜூஸ் வாங்கப் போன நேரத்தில் இவர் பெருமையாகச் சொல்லிவைத்துவிட்டார், கவிழ்ந்த படகு இதுதான், அன்றைக்கே அங்கேயே உட்கார்ந்து போட்டது, கண்ணால் பார்த்ததைத் தவிர ஒரு கோடு கூடக் கிடையாது என்று. என் கையிலிருந்த ஜூஸ் புடவையில் கொட்டியது.

பிப்ரவரி 10, திங்கள்

பேப்பரில் படம் கால் பக்கத்துக்கு வந்திருக்கிறது. கீழே, விபத்துக்குச் சற்றுமுன் மாணவர்கள் பாதுகாப்பு ஜாக்கெட் இல்லாமல் சென்றதை ஓவியர் அப்படியே பதிவு செய்திருக்கிறார் என்று ஒரு வரி. அந்தப் பேப்பரை அடுப்பு மேடைக்கு அடியில் திணித்தேன். இன்றைக்குப் பேப்பர் போடவில்லை என்று இவரிடம் சொன்னேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஜாமீன் கிடைக்கவில்லை. பேப்பரில் வந்த படத்தைக் கோர்ட்டில் காட்டினார்களாம்.

நான் பால் வாங்கத் தெருமுனைக்குப் போனபோது அஞ்சலாட்சி நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்தப் பேப்பர். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்திருப்பேன். அவள் சத்தமே போடவில்லை.

“எம் புருசன் கட்டாமப் படகை எடுத்திருந்தா நானே அவரைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்மா. உங்களுக்குத் தெரியும். உங்க மூஞ்சியிலயே இருக்கு. ஏன் சொல்ல மாட்டேங்கறீங்கன்னு மட்டும் சொல்லுங்க, போயிடறேன்.”

பால் பொங்கிவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் அடுப்பிலேயே வைக்காத பால். வெட்கமாக இருக்கிறது. இதைவிட வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 12, புதன்

காலையில் நித்திலா போன். கேலரிக்கு இன்ஸ்பெக்டர் வந்திருக்கிறார், சாரை உடனே கூட்டிவரச் சொல்கிறார் என்றாள். ஆட்டோவில் போகும்போது இவர் உற்சாகமாக இருந்தார். இப்போதாவது கேட்டார்களே, சொல்லிவிடலாம் என்றார். நான் என்னங்க என்று ஆரம்பித்தேன். இவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, பயப்படாதே, பார்த்ததைச் சொல்ல என்ன பயம் என்றார்.

படத்துக்கு முன்னால் இன்ஸ்பெக்டரோடு இன்னொருவர் நின்றிருந்தார். தாடி வளர்ந்து, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. செத்துப்போன பையனின் அப்பா. அவர் இவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “இதுல எம் பையன் எதுங்க?”

இவர் கிட்டே போய், விரலைப் படத்தின் மேல் படாமல் நீட்டினார். முன்னாலிருந்து இரண்டாவது ஆளாக இருக்கவேண்டும், வார் கட்டும்போது கூச்சமாக இருக்கிறது என்று நெளிந்த பிள்ளை, சிரித்துக்கொண்டே ஏறினான் என்றார். அந்த மனுஷன் வாயைப் பொத்திக்கொண்டார். ஆமாம், அவனுக்கு ரொம்பக் கூச்சம், சட்டைக்கு அளவெடுக்கக்கூட விடமாட்டான் என்றார்.

இன்ஸ்பெக்டர் தன் போனைக் காட்டினார். படகில் ஏறுமுன் அந்தப் பையன்கள் கரையில் எடுத்த போட்டோ அது. நான் எட்டிப் பார்த்தேன். ஒருத்தன் கறுப்பு, ஒருத்தன் சிவப்பு, கட்டம் போட்டது, மஞ்சள், வெள்ளை. போட்டோவில் ஆளுக்கொரு சட்டை, உங்கள் படத்தில் எல்லோருக்கும் ஒரே நீலம், அது எப்படி சார் என்று கேட்டார்.

இவர் சிரித்தார். நித்திலாவைப் பார்த்து, என்னைப் பார்த்து, விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். “நீலமா? எங்க சார் நீலம்? அது லைஃப் ஜாக்கெட். அஞ்சும் ஆரஞ்சு. நல்லாப் பாருங்க.”

நித்திலா தரையைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் இவர் கண்ணுக்கு முன்னால் லேசாகக் குனிந்து பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“அம்மா, நீங்க சொல்லுங்க. இது என்ன கலர்?”

ஆரஞ்சு என்று சொன்னால் நான் பைத்தியக்காரி. தெரியாது என்றால் கலிவரதன் உள்ளேயே கிடப்பான். நீலம் என்றால் இவர் அந்த இடத்திலேயே முடிந்தார். இவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அந்தச் சிரிப்பு இன்னும் முகத்தைவிட்டுப் போகவில்லை. பையனின் அப்பாவும் என்னைத்தான் பார்த்தார்.

“நீலம்” என்றேன்.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. இவர் கண்ணைப் பற்றி, தட்டில் இடம் மாறாமல் வைப்பதைப் பற்றி, காய்ந்துபோன ட்யூபைப் பற்றி, ஆரஞ்சு இடத்தில் நான் நீலம் வைத்ததைப் பற்றி எல்லாம் சொன்னேன். படத்தில் இருக்கிற மிதவையைக் காட்டினேன். அது ஆற்றில் இன்னும் ஆரஞ்சாகத்தான் கிடக்கிறது, போய்ப் பாருங்கள் என்றேன். கலிவரதன் ஒவ்வொருவருக்கும் வாரை இழுத்துக் கட்டியதை நானும் பார்த்தேன், இரண்டு கண்ணாலும் பார்த்தேன் என்றேன். அவன் பெண்சாதி வந்து கேட்டபோது பார்க்கவில்லை என்று பொய் சொன்னதையும் சொன்னேன்.

பையனின் அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார். அப்படியென்றால் அவனேதான் கழற்றியிருக்கிறான் என்றார். யாரிடமும் சொல்லவில்லை, படத்திடம் சொன்னார்.

இவர் படத்தின் பக்கம் திரும்பி நின்றார். மூக்கு படுகிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஆட்டோவில் வரும்போது என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

பேசவில்லை.

பிப்ரவரி 15, சனி

கூடத்தில் மாட்டியிருந்த பத்திரிகைச் சட்டத்தை இவரே கழற்றிவிட்டார். அந்த இடத்தில் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிகிறது. கீரை மசியலும் ரசமும் வைத்தேன். சாப்பிட்டார். உப்பு போதுமா என்று கேட்டேன். போதும் என்றார். நாலு நாளில் முதல் வார்த்தை.

சாயங்காலம் அவராகவே பட்டறை வாசலில் வந்து நின்றார். “கண்ணு போனது எனக்குத் தெரியும், அமலா. அதைத் தாங்கிக்கிட்டேன். ஏன்னா தட்டுல நீ இருந்த.” அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 19, புதன்

நித்திலா போன் பண்ணினாள். விஷயம் பேப்பரில் வந்ததும் படத்தை ஏகப்பட்ட பேர் கேட்கிறார்களாம், நிறம் தெரியாத ஓவியர் என்று போட்டால் இன்னும் பெரிய ஆட்களே வருவார்களாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவர் போனை வாங்கி, படத்தை வீட்டுக்கு அனுப்பிவிடு அம்மா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பிப்ரவரி 25, செவ்வாய்

கலிவரதனுக்கு ஜாமீன். அந்த நாலு பையன்களில் ஒருத்தன் உண்மையைச் சொல்லிவிட்டானாம். நடு ஆற்றில் போட்டோ எடுக்க ஜாக்கெட்டைக் கழற்றியிருக்கிறார்கள். போடச் சொல்லிக் கலிவரதன் கத்தியிருக்கிறான், கேட்கவில்லை. எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். வீட்டுக்குப் பயந்து பொய் சொன்னார்களாம். பயந்து பொய் சொல்கிறவர்களைப் பற்றி நான் என்ன சொல்வது?

வழக்கு இன்னும் முடியவில்லை. கோர்ட்டில் கூப்பிட்டால் நான் போவேன்.

மார்ச் 2, ஞாயிறு

பூசை முடிந்து நான் வந்தபோது இவர் ஸ்டாண்டை எடுத்து வாசலில் வைத்திருந்தார். ஆற்றுக்குப் போகலாம் என்றார். நான் ஓடிப்போய்ப் பெட்டியைத் துடைத்தேன், எல்லா ட்யூபும் புதிதாக இருக்கிறதா என்று மூடி திறந்து பார்த்தேன். எத்தனையோ நாளுக்கு அப்புறம் ஒரு சந்தோஷம். மன்னித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

படகுத்துறையில் கூட்டமில்லை. கலிவரதன் கரையில் கவிழ்த்துப் போட்ட படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான். ஆள் பாதியாகிவிட்டான். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். சற்றுத் தள்ளி வேறொரு மரத்தடியில் உட்கார்ந்திருந்த அஞ்சலாட்சி எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

புன்னை மரத்தடியில் ஸ்டாண்டை நிறுத்தினேன். தட்டை எடுத்தேன். வெள்ளை என்று வாய்விட்டுச் சொல்லி வெள்ளையை வைத்தேன். மஞ்சள் என்று சொல்லி மஞ்சளை வைத்தேன். ஆரஞ்சு என்று சொல்லி, புது ட்யூபைத் திறந்து, தாராளமாகவே பிதுக்கினேன். இவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் வைத்து முடித்ததும் தட்டை இவர் கையில் கொடுத்தேன்.

இவர் கட்டைவிரலை ஓட்டையில் நுழைத்துக்கொண்டார். தூரிகையை எடுக்கவில்லை. தட்டை அப்படியே கலிவரதன் பக்கம் நீட்டினார்.

“தம்பி, கொஞ்சம் கிட்ட வா. இது என்ன கலர்?”

கலிவரதன் என்னைப் பார்த்தான். பிறகு தட்டைப் பார்த்து, ஒன்றொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான். நான் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றோரம் போய் நின்றேன்.